டி.சி. வாங்கினா டிரான்ஸ்ஃபர் ஆயிடுமா?

ஜோனல் மேட்ச் முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்னொரு கல்லூரியின் சார்பில் ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருகிறார். "நல்லா ஆடுனீங்க தம்பி. எங்க காலேஜுக்கு வந்துடுங்க. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ, மெஸ் ஃப்ரீ. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்.

ஈரோடு, பெருந்துறை, கோயம்புத்தூர் பக்கம் கால்பந்து ஆடுகிற யாருக்கும் இது புதுக்கதை இல்லை. பிளஸ் டூ முடிக்கும்போதே இப்படிக் கேட்பார்கள், முதல் வருஷம் முடிந்த பிறகும் கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த "மத்ததெல்லாம்" என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு கேள்வி: நீங்க அமெச்சூரா, புரொஃபஷனலா?

"நாங்க காலேஜ் பசங்க, அமெச்சூர்தான்" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஃபிஃபா என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வீரர்களின் நிலை, மாற்றம் பற்றிய அதன் விதிமுறையில் 2-ஆம் பிரிவு இதற்கு இரண்டே நிபந்தனைகள் வைக்கிறது. ஒன்று, கிளப்புடன் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். இரண்டு, ஆட்டத்துக்காக அவருக்கு ஆகும் செலவைவிட அதிகமாக அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். இரண்டும் இருந்தால் புரொஃபஷனல். மற்ற எல்லோரும் அமெச்சூர்.

இப்போது ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் மூன்றும் இலவசமாகப் பெறும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்ஸ், பஸ் செலவு எல்லாம் கணக்குப் போட்டாலும் அவர் பெறுவது அதைவிடப் பல மடங்கு. அதாவது இரண்டாவது நிபந்தனை கிட்டத்தட்ட நிறைவேறிவிட்டது. முதல் நிபந்தனை, அதாவது அந்த ஒரு தாள், மட்டும்தான் இல்லை. கூலி இருக்கிறது, ஒப்பந்தம் இல்லை. நம் கல்லூரி விளையாட்டில் வருகிற சிக்கல் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. சான்றிதழ்களுக்கு மதிப்பெண் போட்டு, தரவரிசைப்படி கிடைக்கும் இடம் அது. அதைத் தருவது அரசு. நிர்வாகம் தன் பங்கில் ஃபீஸ் தள்ளுபடி செய்து தரும் இடம் வேறு. அது உங்களுக்கும் அந்தக் கல்லூரிக்கும் நடுவில் வாய்வார்த்தையில் நடக்கிற பேரம். நம் ஊரில் இரண்டையும் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்ற ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

தாள் இருந்தால் என்ன ஆகும்? கோவையில் பார்த்தோம்

கோவை நேரு ஸ்டேடியம் ஞாபகம் இருக்கிறதா? சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை. 2019 மார்ச் 9 அன்று அங்கே மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, 43 புள்ளிகளோடு ஐ-லீக் பட்டத்தைத் தூக்கியது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி. ஒரே புள்ளி வித்தியாசம். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். பெட்ரோ மான்சி அந்த சீசனில் மட்டும் 21 கோல்.

அந்த அணியின் இன்னொரு நட்சத்திரம், ஸ்பெயின்காரர் நெஸ்டர் கோர்டில்லோ. சென்னை சிட்டியுடன் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே வேறொரு கிளப்புடன் கையெழுத்துப் போட்டார் என்று விவகாரம் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு வரை போனது. முடிவில் அவருக்கு 4 மாதத் தடை. அடுத்து ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனவர், தடை முடிகிற வரை காத்திருந்துதான் களத்தில் இறங்க முடிந்தது.

அந்த 4 மாதம் எங்கிருந்து வந்தது? ஃபிஃபா விதியில் 'பாதுகாக்கப்பட்ட காலம்' என்று ஒன்று உண்டு. 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தமென்றால் முதல் 3 ஆண்டுகள், அதற்குப் பின் போட்டதென்றால் 2 ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் சரியான காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறித்தால் 4 மாதம் ஆட முடியாது. மோசமான முறிவென்றால் 6 மாதம்.

"அப்போ ஒப்பந்தம்னா வீரனைக் கட்டிப் போடறதுதானா?" என்று கேட்பீர்கள். இல்லைங்க. அதே தாள் கிளப்பையும் கட்டிப் போடுகிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, 15 நாள் பார்த்துவிட்டு, வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போதே அடுத்த கிளப்புடன் கையெழுத்துப் போடலாம். ஐந்து ஆண்டுக்கு மேல் யாரையும் கட்டி வைக்க முடியாது. 18 வயது ஆகாதவரென்றால் மூன்றே ஆண்டு. கட்டு இரண்டு பக்கமும் இருக்கிறது. அதற்குப் பெயர்தான் ஒப்பந்தம்.

அமெரிக்காவில் நடந்த கூத்து

கல்லூரி ஆட்டமும் பணமும் முட்டிக்கொண்ட பெரிய கதை அமெரிக்காவில்தான் நடந்தது. அவர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேறு ஆட்டம். ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும்.

1955-இல் ரே டென்னிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். "கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை" என்று சொல்லி 1957-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 'மாணவ-விளையாட்டு வீரர்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டது. கேட்க மரியாதையாக இருக்கும். ஆனால் 'தொழிலாளி' என்ற சொல்லைத் தள்ளி வைப்பதற்கென்றே வந்த சொல் அது.

1973 முதல் உதவித்தொகையையும் ஒவ்வோர் ஆண்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்று விதி. அடிபட்டாலோ ஆட்டம் சரியில்லை என்றாலோ அடுத்த ஆண்டு புதுப்பிக்காமல் விடலாம். பல ஆண்டு உதவித்தொகை திரும்ப வர ஏறக்குறைய 40 ஆண்டு ஆனது. வேறு கல்லூரிக்கு மாறினால் பொதுவாக ஓராண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். பயிற்சியாளருக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. அவர் இன்றைக்கு ராஜினாமா செய்து நாளைக்கு எதிர் அணியில் சேரலாம்.

பிறகு சுவர் வேகமாக இடிந்தது. 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. கல்லூரி மாற விரும்பும் வீரரின் பெயரை அதில் ஏற்றிவிட்டால் மற்ற கல்லூரிகள் அவரிடம் பேசலாம். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயர், படத்தை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகவே ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம்.

எல்லாம் சுபமா என்றால், அதுவும் இல்லை. போர்ட்டலில் பெயர் ஏற்றியவர் எல்லோருக்கும் புது இடம் கிடைத்துவிடுவதில்லை. பெயர் ஏற்றியதுமே பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று நடுவில் நிற்பவர்கள் உண்டு.

நம்ம ஊர் டிரான்ஸ்ஃபர் எப்படி?

நம்மிடம் போர்ட்டல் கிடையாது, டி.சி. தான் இருக்கிறது. கல்லூரி மாறுவது ஒரு கிளப் மாறுவது போல அல்ல. இரண்டு கல்லூரிகளின் சம்மதம் வேண்டும், போகிற இடத்தில் உங்கள் பிரிவில் காலி இடம் வேண்டும், பல்கலைக்கழக அனுமதி வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியிலிருந்து இணைப்புக் கல்லூரிக்கோ, அங்கிருந்து இங்கோ போனால் பாடத்திட்டம் ஒத்துப்போகாது. விடுபட்ட பேப்பர்களைத் தனியாக எழுத வேண்டி வரும். "வந்துடுங்க தம்பி" என்றவர் இந்தப் பேப்பர்களை உங்களுக்காக எழுதித் தர மாட்டார்.

வருகைப்பதிவும் அப்படித்தான். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். விளையாட்டுப் போட்டிக்குப் போனவர்களுக்கு 65 வரை தளர்வு கிடைக்கலாம். அதற்கும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஓ.டி. ஃபார்மில் கையெழுத்து வாங்காமல் பஸ் ஏறினால் கோப்பை கல்லூரிக்கு, அரியர் உங்களுக்கு.

இதைவிட முக்கியமானது ஒரிஜினல் சான்றிதழ். தள்ளுபடி கொடுக்கும்போது மார்க் ஷீட்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டு, நடுவில் போக நினைத்தால் "மிச்ச வருஷ ஃபீஸையும் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஒப்பந்தமே இல்லாத இடத்தில் வீரனைக் கட்டி வைக்கும் கயிறு இதுதான். ஆனால் 2018 அக்டோபரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு தெளிவாக அறிவித்துவிட்டது: ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏ.ஐ.சி.டி.இ.யின் நிலையும் அதேதான். இந்த ஒரு விஷயத்தையாவது உங்கள் ஜூனியர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

நாமெல்லாம் இன்ஜினியரிங், ஒரு கணக்காவது போடாமல் விட முடியுமா?

ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்திலேயே ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு 1 கோடி ரூபாய்க்கு மாறுகிறார் என்று வையுங்கள். ஃபிஃபா விதிப்படி அதில் 5 சதவீதம், அதாவது 5 லட்சம், அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 25,000. 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 50,000.

4 × 25,000 = 1 லட்சம்
8 × 50,000 = 4 லட்சம்
மொத்தம் 5 லட்சம். சரியாக வருகிறதா?

இப்போது இந்தக் கணக்கை நம் ஊர்ப் பையன் ஒருவனுக்குப் போட்டுப் பாருங்கள். 12 வயதில் அவனுக்குப் பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்தவர் அரசுப் பள்ளி பி.டி. வாத்தியார். 16 வயதில் ஊர் டீம். 18 முதல் 22 வரை கல்லூரி. இதில் ஒன்றுகூடக் கால்பந்து சங்கத்தில் பதிவான கிளப் இல்லை என்றால், அத்தனை வருஷத்துக்கும் பங்கு பூஜ்யம். விதி தப்பு இல்லை. நம் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை, அவ்வளவுதான். ஊரில் நாலு பேர் சேர்ந்து டீம் நடத்துகிறவர்கள், மாவட்டச் சங்கத்தில் கிளப்பாகப் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்க இதுவே போதுமான காரணம்.

முடிவா என்ன சொல்ல வர்றீங்க?

வாய்ப்பு வந்தால் போகாதீர்கள் என்று சொல்லவே இல்லை. சென்னை சிட்டியில் ஆடிய எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும், ரொமாரியோ ஜேசுராஜ் எஃப்.சி. கோவாவுக்கும் போனார்கள். மாறியதால்தான் வளர்ந்தார்கள். ஆனால் அவர்கள் மாறியபோது கையில் ஒரு தாள் இருந்தது.

நீங்களும் அந்தத் தாளைக் கேளுங்கள். பெரிய வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் போதும். தள்ளுபடி எத்தனை வருஷத்துக்கு, எதெதற்கு? இரண்டாம் வருஷம் முழங்கால் லிகமெண்ட் கிழிந்து ஆட முடியாமல் போனால் தள்ளுபடி தொடருமா? சிகிச்சைச் செலவு யாருடையது? நடுவில் போக நினைத்தால் என்ன கட்ட வேண்டும்? வெளிக் கிளப்பில் லீக் ஆட அனுமதி உண்டா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வந்தால் சந்தோஷமாகப் போங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

ஏனென்றால் தாள் இருப்பவர்களுக்கே நிலைமை நிச்சயம் இல்லை. பட்டம் வென்ற சென்னை சிட்டி, 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டு, அடுத்த மாதம் பெங்களூரு எஃப்.சி. மாதிரி பெரிய கிளப்பே சம்பளத்தை நிறுத்தியது. கிளப் மூடலாம், லீக் நிற்கலாம், கால் உடையலாம். அன்றைக்கும் கூட நிற்கப் போவது நீங்கள் அரியர் இல்லாமல் முடித்த டிகிரி.

சாயங்காலம் கிரவுண்டுக்கு வரும்போது சொல்லுங்கள், ஓ.டி. ஃபார்ம் கையெழுத்து வாங்கிட்டீங்களா?