தாய் எழுதும் வஸிய்யத்

தஞ்சைப் பகுதியில் விவசாயம் செய்து வரும் தாயார் ஒருவர், அறுவடை முடிந்த கையோடு நம்மிடம் வந்தார். கணவர் மௌத்தாகி விட்டார். தாயாரின் பெயரில் 15 மா நன்செய்; ஒரு கறவைப் பசு; கொஞ்சம் நகை. இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருக்கிறார்கள். மூத்த மகன் முன்பே மௌத்தாகி, அவருடைய இரு குழந்தைகள் பாட்டியிடம் வளர்கின்றனர்.

“நிலத்தை மகன்கள் பேரில் எழுதிடலாமா அசரத்து? மகளுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே” என்றார்.

அப்படி எழுதினால் செல்லாது. வாரிசுக்கு வஸிய்யத் இல்லையென்று நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஹஜ்ஜத்துல் விதாவிலே அறிவித்து விட்டார்கள். மகன், மகளின் பங்கை ஸூரத்துன் நிஸா 11-வது ஆயத்தில் அல்லாஹ் தஆலாவே வகுத்திருக்கிறான். கல்யாண நகை அந்தப் பங்கைக் கழிக்காது. தாயின் மௌத்துக்குப் பிறகு மகள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் அது வேறு. தாய் உயிரோடிருக்கையில் வாங்கி வைக்கும் சம்மதம் அவளைக் கட்டுப்படுத்தாது. அண்ணன்மாரின் முகத்தைப் பார்த்து “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று சொல்லும் தங்கைகளை நாம் நிறையவே கண்டிருக்கிறோம். அது மனமொப்பியதுதானா என்று அந்த அண்ணன்மார் யோசிக்கட்டும்!

வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை என்ற பேச்சும் நம் ஊர்களில் உண்டு. 1937-ம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மையே. சென்னை மாகாணத்தில் 1949-ல் திருத்தம் வந்து அந்த விலக்கு நீங்கிவிட்டது.

வஸிய்யத்துக்கு உண்மையான தேவை அந்த எத்தீம் பிள்ளைகள் விஷயத்தில்தான். மகன்கள் உயிரோடிருப்பதால் பேரப்பிள்ளைகளுக்கு அனந்தரப் பங்கு கிடையாது. பாட்டி எழுதி வைக்காமல் போனால் வெறுங்கையோடு நிற்பார்கள். வாரிசல்லாதவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம். ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது மூன்றில் இரண்டு, பிறகு பாதி என்று கேட்க, நபியவர்கள் மூன்றில் ஒன்றுக்கே அனுமதி கொடுத்து, அதுவும் அதிகம்தான் என்றார்கள்.

நிலத்தை மட்டும் கணக்குப் பார்த்தோம். பேரப்பிள்ளைகளுக்கு 5 மா. மீதி 10 மாவில் மகன்களுக்கு நான்கு நான்கு, மகளுக்கு இரண்டு. தாயார் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “இப்படி எழுதலாம்னு யாருமே சொல்லலையே” என்றார்.

ஆனால் கபன் செலவும், கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க் கடனும், நகைக் கடனும் முதலில் தீர வேண்டும். மூன்றில் ஒன்று என்பது அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான். மௌத்தாகும்போது அவர் விதைத்த பயிர் வயலில் நின்றால் அதுவும் கணக்கில் சேரும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளை வைத்து எழுதுவது பிற்காலச் சண்டையைத் தடுக்கும். உயிருள்ளவரை மாற்றவும் செய்யலாம்.

எழுந்து போகையில், “பசுவை மட்டும் இப்பவே சின்னவனுக்குக் கொடுக்கவா?” என்றார். ஹிபாவாகக் கொடுக்கலாம், மரண நோயில் கிடந்து கொடுப்பதுதான் வஸிய்யத்தின் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆனால் கயிற்றை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். தம் தொழுவத்திலேயே கட்டி, பாலையும் தாமே கறந்து கொண்டிருந்தால் ஹிபா நிறைவேறாது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தந்தை ஒன்றைக் கொடுத்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்றுதான் நபியவர்கள் கேட்டார்கள். ஆகவே மற்ற இருவருக்கும் ஈடாக ஏதாவது கொடுக்கும்படி சொல்லி அனுப்பினோம்.