இறுகிக் கிடக்கும் சேஃப்டி பொத்தான்

அமெரிக்க வேட்டைக்காரர்களின் மார்லின் 336 லீவர் ரைபிளில் 1984 முதல் குறுக்கே தள்ளும் சேஃப்டி பொத்தான் உண்டு. குளிரில் கையுறையோடு அழுத்தினால் சில துப்பாக்கிகளில் அசையவே அசையாது.

முதலில் தோட்டாக்களை எடுத்துவிடுங்கள். அறை காலியானால் போதாது. குழலுக்கு அடியில் இருக்கும் மேகசின் குழாயிலும் ஒன்று ஒளிந்திருக்கலாம். கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி காய்ந்துபோன பழைய எண்ணெய்ப் பிசுக்குதான். கரைப்பான் விட்டுத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பொத்தானை இருபுறமும் பலமுறை தள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பதே மேல். ஸ்பிரிங்கை வெட்டவோ பொத்தானை அரத்தால் ராவவோ வேண்டாம். தொளதொளத்து, உறைக்குள் தானாக நழுவும் பொத்தானைவிட இறுக்கமானதே தேவலை.