கிளிக்குஞ்சு எடுப்பது எளிதா?

பச்சை உடல். சிவந்த அலகு. இது நம் நாட்டுக் கிளி. இதை வளர்க்கப் பலருக்கும் ஆசை. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. இதைப் பிடிக்கக் கூடாது. விற்கக் கூடாது. வீட்டில் வளர்க்கவும் கூடாது. மீறினால் சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

கடைகளில் சின்னக் கிளிகளை விற்கிறார்கள். மக்கள் அவற்றை ‘லவ் பேர்ட்ஸ்’ என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை பட்ஜி கிளிகள். அவற்றின் தாயகம் ஆஸ்திரேலியா. அவற்றை வளர்க்கலாம். ஆனால் குஞ்சு எடுக்கக் கவனம் தேவை.

ஜோடி

அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆணுக்கு அது பெரும்பாலும் நீலமாக இருக்கும். பெட்டைக்குப் பழுப்பாக இருக்கும். ஒரு வயது நிறையாத பெட்டையை ஜோடி சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு ஜோடிக்கும் தனிப் பானை வேண்டும். ஒன்றிரண்டு கூடுதலாகவே கட்ட வேண்டும். பானை குறைந்தால் பெட்டைகள் சண்டை போடும். முட்டை உடையும். குஞ்சும் சாகும்.

முட்டை

பெட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை இடும். 4 முதல் 6 முட்டை வரை இடும். சுமார் 18 நாளில் குஞ்சு வரும்.

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. அது குறைந்தால் முட்டை வயிற்றிலேயே சிக்கிக்கொள்ளும். பெட்டை இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து முக்கும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் பெட்டை இறந்துவிடும்.

இதைத் தடுக்கக் கூண்டில் கணவாய் ஓடு கட்டலாம். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் கிடைக்கும். தினையோடு கீரையும் கொத்தமல்லித் தழையும் கொடுக்கலாம்.

கடைக்குட்டி

குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒரு வார வித்தியாசம் கூட இருக்கும். மூத்தவை இரையை வாங்கிக்கொள்ளும். கடைக்குட்டி பட்டினி கிடக்கும்.

அதனால் தினமும் ஒரு முறை பானையைப் பார்க்க வேண்டும். குஞ்சின் கழுத்தடியில் தீனிப்பை உண்டு. அது எப்போதும் வெறுமையாக இருந்தால் தாய் ஊட்டவில்லை என்று பொருள். வேறு ஜோடியிடம் அதே அளவுக் குஞ்சுகள் இருந்தால், அந்தப் பானைக்கு அதை மாற்றலாம்.

ஓய்வு

ஆண்டுக்கு இரண்டு முறை குஞ்சு எடுத்தால் போதும். பிறகு பானையைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டை தொடர்ந்து முட்டை இட்டு மெலிந்துபோகும்.

காய்ந்த எச்சத்தின் தூசியால் மனிதருக்கும் கிளிக் காய்ச்சல் வரலாம். தண்ணீர் தெளித்துத்தான் கூண்டைக் கழுவ வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஒரு ஜோடி ஆண்டுக்குப் பத்துக் குஞ்சுகள் வரை தரலாம். அவை எங்கே போகும்? கூண்டில் பிறந்த பட்ஜிக்கு வெளியே இரை தேடத் தெரியாது. திறந்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. வாங்கி வளர்க்க ஆள் இருந்தால் மட்டுமே பானை கட்டுவது நல்லது.

கேள்விகள்

1. நாட்டுக் கிளியை ஏன் வளர்க்கக் கூடாது?
2. கடல் நுரை எதற்குப் பயன்படுகிறது?
3. கடைக்குட்டி பட்டினி கிடப்பதை எப்படி அறியலாம்?