நான்கு மாத மாணவர்கள்

மூன்றாம் பருவம் தொடங்கும் சமயத்தில் உத்திரமேரூர் வட்டாரப் பள்ளிகள் சிலவற்றின் வாசலில், நம் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத குழந்தைகள் வந்து நிற்பார்கள். செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். சூளைக்கு வருபவர்களில் பலர் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கிர், நுவாபடா, களாஹண்டிப் பக்கத்தவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஆண்டுதோறும் எழும். நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இந்தக் கேள்வியோடு சில ஆண்டுகளாக நான் செய்து பார்த்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

கணினி நிறுவன வேலையாக இரண்டு ஆண்டு ஜெர்மனிக்குச் செல்லும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். புறப்படும் முன்பே பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு கோப்பில் சேர்ந்துவிடும். அங்கே ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கென்று 'வரவேற்பு வகுப்பு' நடத்தும் பள்ளிகள் உண்டு. திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பெற்றோர் இப்போதே விசாரித்து வைத்திருப்பார்கள். பலாங்கிரிலிருந்து உத்திரமேரூருக்கு வரும் பிள்ளைக்கும் மொழி மாறுகிறது, எழுத்து மாறுகிறது, சோறு மாறுகிறது. கடவுச்சீட்டு மட்டும்தான் தேவைப்படவில்லை. கோப்பும் இல்லை, வரவேற்பு வகுப்பும் இல்லை.

முதலில் நாட்கணக்கைப் பார்த்துவிடுவோம். மேற்கு ஒடிசாவின் அறுவடைத் திருவிழாவான நுவாகாய், விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வருவது. அதையொட்டித்தான் தரகர்கள் முன்பணம் கொடுக்கத் தொடங்குகிறார்கள். மழைக்காலம் ஓய்ந்து டிசம்பர், ஜனவரியில் குடும்பங்கள் சூளைக்கு வந்து சேரும். ஜூன் மழைக்கு முன் ஊர் திரும்பும். நம் பள்ளியோ ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்து மே மாதம் மூடிக் கிடக்கும். ஆக, அந்தக் குழந்தை நம் கையில் இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நான்கு மாதம். இதை ஒரு கல்வியாண்டின் வால்பகுதியாகப் பார்த்தால் எதுவும் நடக்காது. மூன்றாம் பருவப் புத்தகத்தைக் கையில் கொடுத்துக் கடைசி வரிசையில் உட்கார வைப்போம். ஏப்ரலில் அது போய்விடும். நான்கு மாதத்தையே முதலும் முடிவும் உள்ள ஒரு முழுப் படிப்பாகத் திட்டமிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. அந்தப் படிப்பின் முடிவில் அது எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் என்பதை ஜனவரியிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

சேர்க்கையில் தயங்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது. ஆண்டு நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்திச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துக் குழந்தைகளின் சேர்க்கையை உறுதிசெய்வதை உள்ளாட்சி அமைப்பின் கடமைகளில் ஒன்றாகவே அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஊரில் பள்ளிக்குப் போன குழந்தையாக இருந்தால் யுடைஸ் பிளஸ் தளத்தின் நிரந்தரக் கல்வி எண் அதற்கு ஏற்கெனவே இருக்கலாம். பெற்றோரின் கைபேசியில் பழைய பள்ளி ஆசிரியரின் எண் பல நேரங்களில் இருக்கும், கேட்டால் கிடைக்கும்.

நம் ஊர்க் குடவோலைக் கல்வெட்டைப் பாடத்தில் நடத்தாத ஆசிரியர் இங்கே இல்லை. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் அந்தப் பராந்தகச் சோழன் கல்வெட்டுகளில், வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதி சொல்லும்போது வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் கேட்கப்படுகின்றன. சேர்க்கைப் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். ஆயிரம் ஆண்டு கழிந்தும் வீடு இருப்பவனைத்தான் எழுத நமக்கு எளிதாக இருக்கிறது.

சேர்ந்த குழந்தை தொடர்ந்து வருமா என்பது பள்ளிக்குள் தீர்மானமாவதில்லை. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. விடியும் முன்பே அப்பாவும் அம்மாவும் மண் குழைக்கவும் கல் அறுக்கவும் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது பத்து, பதினொரு வயது அக்காள். அவள் பள்ளிக்கு வரவில்லை என்றால் 'பெற்றோருக்கு ஆர்வமில்லை' என்று எழுதுவது எளிது. தம்பியை எங்கே விடுவது என்பதே அவளுடைய சிக்கல். எங்கள் அனுபவத்தில் பலன் தந்தது அங்கன்வாடிப் பணியாளரோடு சேர்ந்து சூளைக்குப் போனதுதான். வெளிமாநிலக் குழந்தையும் அங்கன்வாடிக்கு வரலாம். தம்பி அங்கே இருந்தால் அக்காள் இங்கே இருப்பாள். அவள் வருகையைக் கூட்ட நாங்கள் செய்த மற்ற எதுவும் இந்த அளவுக்கு உதவவில்லை. காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புக் குழந்தைகளைச் சீக்கிரமே வர வைக்கிறது. பழைய சோற்றைத் தண்ணீரோடு சாப்பிடும் வழக்கம் அவர்கள் ஊரிலும் உண்டு என்பதால், பொங்கலுக்கும் உப்புமாவுக்கும் பழக ஒரு வாரம் ஆனது.

மொழிக்கு வருவோம். ஒடியா பாடநூல் கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். பலாங்கிர்ப் பக்கத்துக் குழந்தை வீட்டில் பேசுவது சம்பல்புரி. பாடநூல் ஒடியாவில் சொல்லின் கடைசி அகரம் ஒலிக்கும். சம்பல்புரியில் அது உதிர்ந்துவிடும். வீட்டுக்கு நூலில் ஒரு சொல், வாயில் கொஞ்சம் வேறு சொல். ஆகவே இந்தப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பள்ளியிலேயே ஒரு சிறு மொழிமாற்றத்தைக் கடந்து வந்தவர்கள். தமிழ் அவர்களுக்கு மூன்றாவது படி.

தமிழ் எழுத்து கற்பிக்கும்போது எங்கே தடுமாறுவார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஒடியா எழுத்து வரிசையும் க, ச, ட, த, ப என்றே போவதால் வரிசை பழகியதுதான். ண, ள இரண்டும் அவர்கள் மொழியில் உண்டு. நம் பிள்ளைகளே குழம்பும் ளகரத்தைச் சரியாகச் சொல்வார்கள். ழகரம் வராது; அதற்கு அவசரப்பட வேண்டாம். உண்மையான இடையூறு இரண்டு. ஒடியாவில் ககர ஒலிகளுக்கு நான்கு தனி எழுத்துகள் உண்டு. நமக்கு ஒன்றே. 'கடல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிப்பது அவர்களுக்குப் புதிராக இருக்கும். சொல்லோடு சேர்த்தே எழுத்தைக் காட்டினால் இது சரியாகிறது. தனி எழுத்து அட்டை இங்கே உதவாது. இரண்டாவது, குறில் நெடில். ஒடியா எழுத்தில் இகர ஈகார வேறுபாடு உண்டு, பேச்சில் இல்லை. அதனால் 'விடு', 'வீடு' இரண்டும் ஒன்றாகவே கேட்கும். கைதட்டி மாத்திரை எண்ணும் பழைய முறைதான் எனக்குப் பலன் தந்தது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது இவர்களுக்கு மிகவும் பொருந்துகிறது. ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பதினொரு வயதுப் பிள்ளையும் தமிழில் அரும்புதான். ஆனால் ஒன்றாம் வகுப்பு அட்டையுள்ள பயிற்சிநூலை எல்லோர் முன்னும் அதன் கையில் கொடுக்காதீர்கள். பழுப்பு அட்டை போட்டுக் கொடுங்கள்.

கணிதத்தில் கதை வேறு. அங்கே அவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். எங்கள் பகுதிச் சூளைச் செங்கல் ஏறத்தாழ 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போது சில செங்கற்களை வகுப்பறைக்கே கொண்டுவந்தேன். ஒடியாப் பையன் ஒருவனிடம் கொடுத்ததும், சொல்லாமலே இரண்டு கல்லை அகலவாக்கில் ஒட்டி வைத்து, ஒரு கல்லின் நீளத்துக்குச் சமம் என்று காட்டினான். அரை. பிறகு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். உயரம் ஒரு நீளத்துக்குச் சமம். மூன்றில் ஒன்று. ஒன்பது அங்குலக் கனசதுரம் கட்ட எத்தனை கல் வேண்டும் என்று நம் பிள்ளைகளைக் கேட்டேன். ஒன்பது என்றார்கள் சிலர், எட்டு என்றார்கள் சிலர். அவன் அடுக்கிக் காட்டினான்: ஆறு. ஒரு கல் அந்தக் கனசதுரத்தில் ஆறில் ஒரு பங்கு. அரையில் மூன்றில் ஒன்று ஆறில் ஒன்று என்பதைப் பலகையில் எழுதி நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். அன்று விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் கல்லில் அப்படி எத்தனை கனசதுரம்? 166, மீதி நான்கு. ஈவு, மீதி இரண்டும் அதே கல்லில் கிடைத்தன.

அதோடு நிற்கவில்லை. கல் அறுக்கும் அச்சு கல்லைவிடச் சற்றுப் பெரிது என்று கையால் அளந்து காட்டினான். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும் என்பதை நம் பிள்ளைகள் அவனிடமிருந்துதான் தெரிந்துகொண்டார்கள். அந்த வாரம் முழுக்க எண்ணுவது இருமொழியில் நடந்தது: ஒன்று, எக, இரண்டு, துஇ, மூன்று, தினி. செங்கல்லுக்கு ஒடியாவில் 'இட்டா'. பழந்தமிழில் செங்கல்லுக்கு 'இட்டிகை' என்று ஒரு சொல் உண்டு; இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. தமிழாசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அதன்பின் அவனைக் கடைசி வரிசையில் யாரும் உட்கார வைக்கவில்லை. இந்த வயதுப் பிள்ளை கல்லை இவ்வளவு அறிந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்.

பிற இடங்களில் என்ன செய்கிறார்கள்? மராட்டியத்தில் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களுக்காகச் சர்க்கரை ஆலைப் பகுதிகளிலேயே 'சாகர் சாலை' என்ற பருவகாலப் பள்ளிகள் நடந்தன. ஒடிசாவில் பெற்றோர் வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகள் உண்டு. கேரளத்தில் எறணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டத்தில், வெளிமாநிலப் பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர் பள்ளி தொடங்கும் முன் தனி நேரம் எடுத்துப் பாடம் நடத்துகிறார். மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசிதான். பிள்ளை பெற்றோரோடு இருக்கிறது, உள்ளூர்ப் பிள்ளைகளோடும் இருக்கிறது. சூளைக்குள்ளேயே பள்ளி வைப்பது தூரத்தைத் தீர்க்கும். சூளையை விட்டு ஒரு நாளில் ஆறு மணி நேரம் வெளியே இருக்கும் வாய்ப்பைப் பறித்துவிடும்.

நம் ஊரிலிருந்து வெளியே போகும் பிள்ளைகளும் உண்டு. மரம் வெட்டவும் சூளை வேலைக்கும் பக்கத்து மாவட்டங்களுக்குப் போகும் இருளர் குடும்பங்கள் சொல்லாமல் கிளம்புவதாக நாம் குறைப்படுகிறோம். பொங்கலுக்கு முன் ஒருமுறை குடியிருப்புக்குப் போய், யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்தால், போன இடத்துப் பள்ளி எமிஸில் பிள்ளையைக் கேட்கும் நாளிலேயே நாம் விடுவித்துவிடலாம். பெயர் நம்மிடம் சிக்கிக் கிடந்தால் இழப்பு பிள்ளைக்கு.

இனி, ஏப்ரலில் கையில் என்ன கொடுத்து அனுப்புவது? மாற்றுச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும். அதோடு ஒரு பக்கக் கடிதம், அந்த ஊர்த் தலைமையாசிரியருக்கு, ஆங்கிலத்தில். எத்தனை நாள் வந்தது, எந்தக் கணக்குகள் செய்கிறது, எது இன்னும் வரவில்லை, என்ன எழுதப் படிக்கத் தெரியும் என்று மதிப்பெண் இல்லாமல் எழுதுகிறேன். கூடவே ஒரு நோட்டு. அதில் ஒரு பக்கம் தமிழ்ச் சொல்லும் படமும், எதிர்ப்பக்கம் அதே சொல் ஒடியா எழுத்தில். ஒடியாவை எழுதியது பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பு வரை அங்கே படித்த அண்ணனோ அக்காளோ. தன் எழுத்தை மறக்காமல் ஊர் திரும்ப அந்த நோட்டு உதவும். சான்றிதழும் கடிதமும் மழையில் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாயின் கையில்தான் தர வேண்டும். மேஸ்திரியிடம் கொடுத்தால் போய்ச் சேராது.

கடிதம் கொண்டுபோனவர்களில் இரண்டு பேருடைய பள்ளியிலிருந்து கைபேசியில் பதில் வந்திருக்கிறது. ஒருவர் கேட்டது: பின்னக் கூட்டல் வரை போனீர்களா, அல்லது நான் முதலிலிருந்து தொடங்கட்டுமா? பகுதி ஒன்றாக இருந்தால் கூட்டுகிறாள், வேறுபட்டால் இன்னும் வரவில்லை என்று எழுதினேன். அங்கிருந்து தொடங்குவதாகச் சொன்னார்.