எருக்கம்புழுவும் பூசணிப் பிஞ்சும்

விழுப்புரம் மாவட்டம் குயிலாப்பாளையம் பக்கம் செம்மண் நிலம். முந்திரித் தோப்பும் மணிலாவும் உள்ள இவ்வூர்களில் வேலியோரம் எருக்குக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளுக்குப் பூச்சிப் பாடம் சொல்ல அதுவே போதும்.

எருக்கிலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளுடன் ஒரு புழு தென்படும். முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள் இருக்கும். இது வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழு. எருக்குக் குடும்பச் செடிகளைத் தின்னுமே தவிர, மணிலாவையோ கத்தரியையோ தொடாது. எருக்கின் நஞ்சு அதன் உடலில் சேர்வதால் பறவைகள் ஒதுக்கிவிடும். புழுவை அட்டைப் பெட்டியில் விட்டு, தினமும் புதிய இலை போட்டுவந்தால் கூடு கட்டிப் பட்டாம்பூச்சியாவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். எருக்கம்பால் கண்ணுக்குக் கெடுதி. ஆகவே இலையைப் பெரியவர்களே பறித்துத் தரவேண்டும்.

இதன் உறவுதான் அமெரிக்காவின் மொனார்க். குளிருக்குப் பயந்து கனடாவிலிருந்து மெக்சிகோ மலைக்காடு வரை பறக்கும். அதன் புழுவுக்கும் எருக்கின் குடும்பத்துப் பால்செடிதான் உணவு. மக்காச்சோளம், சோயா வயல்களில் களைக்கொல்லி தெளித்ததில் அச்செடி அழிந்தது; மொனார்க்கும் குறைந்தது. நம் வரப்பில் எருக்கை ஒன்றுவிடாமல் வெட்டுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். தழையுரத்துக்கு வெட்டினாலும் நாலு செடியை விட்டுவைப்பது நலம்.

பட்டாம்பூச்சி பார்க்க அழகுதான். ஆனால் காய்ப்புக்கு உழைப்பது பெரும்பாலும் தேனீயே. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் சிறு பிஞ்சு இருப்பது பெண் பூ. மறுநாள் மலரவிருக்கும் இரண்டு பெண் மொட்டுகளைப் பிள்ளைகள் முதல்நாள் மாலையே தேர்ந்தெடுக்கட்டும். ஒன்றை மெல்லிய துணியால் மூடிக் கட்டட்டும். மற்றதற்கு நூல் அடையாளம் போதும். தேனீ வந்துபோன பிஞ்சு பருக்கும். மூடியது சில நாளில் மஞ்சளாகி வெம்பி உதிரும். "உரம் போதவில்லை" என்று நாம் நினைக்கும் உதிர்வில் ஒரு பங்கு இப்படிப்பட்டதே.

பூசணிப் பூ விடியலில் மலர்ந்து மதியத்திற்குள் கூம்பிவிடும். காலையில் மருந்தடித்தால் தேனீ சாகும். தவிர்க்க முடியாதபோது பூ கூம்பிய பின், மாலையில் அடிக்கவும். பீர்க்கில் இந்தக் கணக்கு செல்லாது. அதன் பூ மலர்வதே மாலையில்தான். அங்கே பூக்கும் பருவத்தில் மாலைத் தெளிப்பை விட்டு, விடியலில் பூ வாடிய பிறகு அடிப்பது தேவலை.