மரவேரும் எல்லை மதிலும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மகாவலி கங்கையின் வண்டல் படிந்த பகுதியில் அமைந்துள்ளது மூதூர். கதியால் வேலிகள் இருந்த வளவுகளில் கல் மதில்கள் எழும்பியபின், எல்லையோர மரங்களின் வேர்களால் மதில் வெடிப்பதும் அயலவர் பகைப்பதும் நேர்கின்றன. வளவிற் பிறந்த பகை வாய்க்கால் வரை செல்லும். ஒரே வாய்க்காலில் நீர்முறை பகிரும் இருவர் பேசாதிருப்பின் நட்டம் இரு வயல்களுக்கும் உண்டு.

வேர் மதிலை வெடிக்கச் செய்வது எவ்வாறு?

வேர் மதிலைத் தேடிச் செல்வதில்லை. ஈரமும் காற்றும் உள்ள மண்ணிலேயே அது பரவுகின்றது. வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள் கிடையாக ஓடும். கிளைகளின் நிழலெல்லையையும் தாண்டும். அடிமரத்தை அண்டிய வேர் ஆண்டுதோறும் பருத்து, ஆழமற்ற அத்திவாரத்தைத் தூக்கும். களிமண் நிலத்திலோ, கோடையில் மரம் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அத்திவாரம் தாழும்.

ஆல், அரசு, வேம்பு, மா, புளி ஆகியவற்றின் வேர்கள் பருப்பவை. தென்னை, பனை, கமுகு ஆகியவற்றின் வேர்கள் அவ்வாறு பருப்பதில்லை. ஆகவே தென்னையருகில் மதில் வெடிப்பின், முதலில் அத்திவாரத்தையே ஐயுற வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. வெடிப்புள்ள இடத்தில் இரு வீட்டாரும் கூடி மெதுவாகத் தோண்டி, வேர் அத்திவாரத்தைத் தொடுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

2. அடிமரத்தின் குறுக்களவைப் போல் ஐந்து மடங்கு தூரத்துக்குள் உள்ள பெருவேர்களை வெட்டலாகாது. ஒன்றரை அடி குறுக்களவுள்ள மரத்துக்கு இது ஏழரை அடியாகும். மதில் அதற்குள் இருப்பின் வேரை விட்டு, அதன் இருபுறமும் தூண் நிறுத்தி, மேலே கொங்கிறீற்று வளை இட்டு மதிலைக் கட்டுக.

3. அத்தூரத்துக்கு அப்பால் வெட்டக்கூடிய வேர்களைக் கூரிய வாளால் அறுத்து, மூன்றடி ஆழ அகழி தோண்டி, தடித்த பொலித்தீன் விரிப்பை நிறுத்தி மண்ணிட்டு மூடுக.

4. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வேர் வெட்டலாகாது. வாடைமழையில் மண் இளகும்போது பிடிப்பிழந்த மரம் வீட்டின்மேற் சாயக்கூடும். 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளியை இப்பகுதியார் மறக்கலாகாது. மழை ஓய்ந்தபின், மாசி மாதத்தில் வெட்டுவதே தக்கது.

சட்டமும் சமாதானமும்

தன் நிலத்துள் வந்த வேரேயாயினும், அயலவருக்கு அறிவியாது வெட்டுதல் முறையன்று. மரம் பட்டுப்போனாலோ விழுந்தாலோ வழக்கு வளரும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். பேசித் தீராத பிணக்கை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையிடம் கொண்டுசெல்லலாம். அங்கே சட்டத்தரணி இன்றி இரு தரப்பாரும் தாமே பேசலாம். எட்டப்படும் உடன்பாட்டை எழுத்தில் பெற்றுக்கொள்க.

புதிதாக நடுவோருக்கு

மா, வேம்பு, பலா போன்ற பெருமரங்களை எல்லையிலிருந்து இருபது அடியேனும் தள்ளி நடுக. எலுமிச்சை, மாதுளை எட்டடியில் நிற்கலாம். மதில் இன்றியமையாததன்று எனின் கிளிசிறிடியாக் கதியால் நட்டு வேலி அடைக்கலாம். அதன் தழை வயலுக்குப் பசளையாகும். கன்று நடும் நாளில் அயலவரையும் அழைத்து இடத்தைக் காட்டுதல் நன்று. அன்று அளக்கும் இருபது அடி, பின்னாளில் ஒரு மரத்தையும் ஒரு மதிலையும் ஓர் உறவையும் காக்கும்.