வீட்டுப் படத்தை வாசிக்கப் பழகுவோம்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றுக்கு வீட்டுத்திட்டம் கிடைக்கும்போது, பல வேளைகளில் பணத்துக்கு முன்னரே கைக்கு வருவது ஒரு கடதாசி. அதிலே கோடுகளும் இலக்கங்களும் இருக்கும். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, "மேசன் பார்த்துக்கொள்வார்" என்று அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். ஆனால் நாம் எங்கே படுப்பது, எங்கே சமைப்பது, நெல்லை எங்கே அடுக்குவது, எவ்வளவு கடன்படுவது என்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கடதாசியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதை வாசிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு மாலைநேரமும் ஓர் அளவுநாடாவும் போதும்.

படம் ஏன் வேண்டும்?

எங்கள் முன்னோர் படம் வரைந்து வீடு கட்டவில்லை. நாற்சார் வீடானாலும் மண்வீடானாலும் அதன் அமைப்பை ஊரிலே எல்லோரும் அறிந்திருந்தார்கள். நிலையம் எடுப்பவர், ஆசாரியார், வீட்டுக்காரர் எல்லோரும் அயலவர்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டைக் காட்டிப் பேசிக்கொள்ளலாம்.

இன்று பணம் ஓரிடத்திலிருந்து வருகிறது. மேசன் வேறோர் ஊரவர். மேற்பார்வைக்கு வரும் உத்தியோகத்தர் சில தடவைகளே வருகிறார். வாழப்போகிறவர்கள் நாங்கள். இந்த நான்கு பேரும் ஒரே வீட்டை மனதில் வைத்திருக்கிறார்களா என்று அறிவதற்கு உள்ள வழி படம் ஒன்றுதான். அது அழகுக்காக வரைவதல்ல. அது ஓர் உடன்படிக்கை.

யார் வரைகிறார்கள்?

கட்டடக் கலைஞர் என்பவர் குடும்பத்தின் தேவை, காணி, காற்று, வெயில், பணம் ஆகியவற்றைச் சேர்த்து யோசித்து வீட்டை வடிவமைப்பவர். படவரைஞர் அதை அளவோடு கோடுகளாக்குகிறார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் கட்டட வேலை படத்தின்படி நடக்கிறதா என்று பார்க்கிறார். மேசன் அதை நிலத்தில் எழுப்புகிறார். வீட்டுத்திட்டங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாகக் கட்டடக் கலைஞர் வருவதில்லை. சில மாதிரிப் படங்களே வரும். அவற்றிலிருந்து தெரிவுசெய்வதும், திருத்தம் கேட்பதும் குடும்பத்தின் பொறுப்பு.

நல்ல கட்டடக் கலைஞர் முதலில் கேள்வி கேட்பார். கண்டியைச் சேர்ந்த மினெற் டி சில்வா அம்மையார் (1918–1998) இதற்கு நல்ல உதாரணம். 1950களில் கண்டி வட்டபுலுவவில் அரச ஊழியருக்கான வீட்டுத்திட்டம் ஒன்றை அவர் வடிவமைத்தார். எல்லோருக்கும் ஒரே படத்தை அவர் கொடுக்கவில்லை. குடியேற இருந்த குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்களுடைய தேவைகளையும் பழக்கங்களையும் கேட்டறிந்தார். அதன்படி பலவகை வீடுகளை வரைந்தார்.

கேளாமல் வரும் படம் எப்படியிருக்கும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2016இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் முன்மொழியப்பட்டன. எங்கள் வெயிலுக்கு இந்த வீடு ஏற்றதா, காற்றோட்டம் போதுமா, விறகடுப்புக்கு இடம் எங்கே, பின்னர் கூட்டிக் கட்டலாமா என்று மக்களும் பொறியியல் அறிந்தவர்களும் கேட்டார்கள். அந்த அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. அன்று எழுந்தவை எல்லாம் படத்தைப் பார்த்தே கேட்கக்கூடிய கேள்விகள்.

படத்தை வாசிக்கும் முறை

1. தளப்படம்: நிலத்திலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வீட்டைக் குறுக்காக அரிந்து, மேற்பகுதியைத் தூக்கி வைத்துவிட்டு, மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த இரட்டைக் கோடுகள் சுவர்கள். சுவரில் இடைவெளியும் கால்வட்டமும் இருந்தால் அது கதவு. கால்வட்டம் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் காட்டும். சுவருக்குள் மெல்லிய கோடுகள் யன்னல். விட்டுவிட்டு வரும் கோடு பெரும்பாலும் மேலே இருக்கும் கூரையின் ஓரம்.

2. முகத்தோற்றம்: வெளியே நின்று பார்த்தால் வீடு எப்படித் தெரியும் என்பது.

3. வெட்டுமுகம்: பாணை வெட்டிப் பார்ப்பதுபோல வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டுவது. அத்திவாரத்தின் ஆழம், நிலமட்டத்தின் உயரம், சுவரின் உயரம், கூரையின் சரிவு எல்லாம் இதில்தான் இருக்கும். பலர் பாராமல் விடுவதும் இதைத்தான்.

4. காணிப்படம்: காணிக்குள் வீடு, கிணறு, மலசலகூடம், பாதை, எல்லை ஆகியவை இருக்கும் இடம். வடக்கைக் காட்டும் அம்புக்குறியை முதலில் தேடுங்கள்.

5. அளவுத்திட்டம்: 1:100 என்றால் படத்தில் 1 சென்ரிமீற்றர், நிலத்தில் 1 மீற்றர், அதாவது சுமார் 3 அடி 3 அங்குலம். ஆனால் அடிமட்டம் வைத்து அளக்க வேண்டாம். போட்டோப் பிரதி எடுக்கும்போது படம் சுருங்கவோ விரியவோ கூடும். எழுதப்பட்ட இலக்கத்தையே நம்புங்கள். இலக்கம் இல்லாத இடத்தில் எழுதித்தரும்படி கேளுங்கள்.

வெளியளவா உள்ளளவா என்பதையும் கேட்க வேண்டும். 22 அடிக்கு 25 அடி வீடு 550 சதுர அடி. இது வெளியளவு. வெளிச்சுவர் 6 அங்குலத் தடிப்பானால் உள்ளே 21 அடிக்கு 24 அடி, அதாவது 504 சதுர அடி. இடைச்சுவர்கள் இன்னும் கொஞ்சம் எடுக்கும். "550 சதுர அடி வீடு" என்று சொல்லப்படும்போது 46 சதுர அடி வெளிச்சுவருக்கே போய்விடுகிறது.

விவசாயக் குடும்பம் கேட்கவேண்டியவை

மாதிரிப் படங்கள் பல, சம்பளத்துக்கு வேலைக்குப் போகும் குடும்பத்தை நினைத்து வரையப்பட்டவை போல இருக்கும். எங்களுக்கோ அறுவடை முடிந்தால் வீட்டின் பாதி களஞ்சியம். ஆகவே,

நெல் மூட்டைகளை ஈரம் படாமல் எங்கே அடுக்குவது? வெங்காயமும் மிளகாயும் மழை வந்தால் எங்கே போகும்? விறாந்தை அதற்குப் போதுமா?

கிருமிநாசினிப் போத்தல்களையும் மருந்தடிக்கும் மெசினையும் எங்கே வைப்பது? படுக்கும் அறையிலும் குசினியிலும் வைக்கக்கூடாது. பூட்டக்கூடிய ஒரு சிறு மூலையை வெளிப்புறமாகக் கேளுங்கள்.

விறகடுப்புக்குப் புகைக்கூடு உண்டா? சோளகம் வீசும் மாதங்களில் புகை எந்த அறைக்குள் போகும்? வாடைக்காற்றோடு வரும் மழைச்சாரல் எந்த யன்னலில் அடிக்கும்?

பெரிய மாரியில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது? வெட்டுமுகத்தில் காட்டிய நிலமட்டம் அதற்கு மேலேயா?

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம்? குறைந்தது 50 அடி என்பது வழக்கம். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணக்கல் நிலத்தில் அழுக்குநீர் வெடிப்புகள் வழியே விரைவாகப் பரவும். அங்கே இயன்ற அளவு கூட்டிக்கொள்ளுங்கள். அயலவரின் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள்.

இவற்றைக் கேட்கும்போது சமைப்பவரும் மூப்பானவரும் பக்கத்தில் இருக்கவேண்டும். குடும்பத்தலைவர் மட்டும் பார்த்து ஒப்பமிடும் படத்தில் குசினி சிறுத்துப்போவது வழமை.

கடன் தொடங்கும் இடம்

இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியது. உரிமையாளரே கட்டும் முறையில் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வீடு 550 சதுர அடி. சதுர அடிக்கு 1,000 ரூபா என்ற கணக்கு. பல குடும்பங்கள் தங்கள் வீட்டை நல்ல வீடாகக் கட்ட ஆசைப்பட்டு அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டன. சாமான்களின் விலையும் ஏறியது. நகை அடகுக்குப் போனது. வட்டிக்குப் பணம் எடுக்க நேர்ந்தது.

ஆசையில் தவறில்லை. ஆனால் அகலத்தை 2 அடி கூட்டினால் 22க்கு 25 அடி வீடு 600 சதுர அடியாகிறது. கூடிய 50 சதுர அடிக்கும் அத்திவாரம், சுவர், கூரை, நிலம் எல்லாம் வேண்டும். அன்றைய கணக்கிலேயே அது 50,000 ரூபா.

இங்கேதான் கட்டடக் கலைஞரின் அறிவு பயன்படுகிறது. வேண்டிய முழு வீட்டையும் படத்தில் வரையச் சொல்லுங்கள். இப்போது கட்டும் பகுதியை அதில் வேறாகக் காட்டச் சொல்லுங்கள். முதற்கட்டத்தில் ஓர் அறை, குசினி, மலசலகூடம். பின்னர் அறை வரவேண்டிய பக்கத்தில் கூரைச் சரிவை அதற்கேற்ப அமைக்கலாம். எதிர்காலக் கதவுக்கு மேலே லின்ரலை இப்போதே போட்டு, கீழே கல்லால் அடைத்துவிடலாம். பத்து வருடத்தின் பின் சுவரை உடைத்துப் பாழாக்க வேண்டியதில்லை.

நிலத்தில் போட்டுப் பாருங்கள்

அத்திவாரம் வெட்ட முன்னர், நான்கு முளையும் கயிறும் எடுத்துப் படத்தைக் காணியில் போடுங்கள். மூலை சரியா என்று பார்க்க, ஒரு பக்கத்தில் 6 அடியும் மறுபக்கத்தில் 8 அடியும் அடையாளமிடுங்கள். இரண்டுக்கும் இடையே சரியாக 10 அடி வந்தால் மூலை மட்டம். பிறகு எதிர்மூலைகளை அளவுங்கள். 22க்கு 25 அடி வீட்டில் இரண்டு மூலைவிட்டமும் ஏறத்தாழ 33 அடி 3½ அங்குலம் வரவேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் கூரை போடும்போது சிக்கல் வரும்.

அறைகளையும் கயிற்றால் பிரித்து, உள்ளே பாயை விரித்துப் பாருங்கள். கதவு திறக்கும் இடத்தில் நின்று பாருங்கள். அடுப்பு வரும் இடத்தில் குந்தியிருந்து பாருங்கள். கடதாசியில் சுவரை மாற்ற அழிறப்பர் போதும். அத்திவாரம் போட்ட பிறகு அலவாங்கு வேண்டும்.

எழுத்தில் வைத்திருங்கள்

படத்தின் ஒரு பிரதி எப்போதும் வீட்டுக்காரரிடம் இருக்கவேண்டும். பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். படத்தோடு சாமான் அளவுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அதைச் சரிபார்ப்பதும் கடினமல்ல. சாந்தோடு 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் பிடிக்கும் கல்லானால், 25 அடி நீளம் 9 அடி உயரச் சுவருக்குச் சுமார் 253 கற்கள். கதவும் யன்னலும் இருந்தால் குறையும். பட்டியலில் 350 என்று இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

வேலை நடக்கும்போது மாற்றம் வந்தால் அதைப் படத்திலேயே குறித்து, திகதியிட்டு, இரு பகுதியினரும் ஒப்பமிடுங்கள். அடுத்த கட்டப் பணம் படத்தைப் பார்த்தே விடப்படும். வாய்ப்பேச்சால் செய்த மாற்றம் அந்த நேரத்தில் வீட்டுக்காரரின் தலையில் விழும். நிரந்தர வீட்டுக்குப் பிரதேச சபையின் அனுமதி தேவைப்படும் இடங்களிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட படமே கணக்கு.

குழுவாகச் செய்து பார்க்க

1. உங்கள் கிராமத்தில் வழங்கப்பட்ட ஒரு வீட்டுப் படத்தைக் கொண்டுவந்து, கதவு, யன்னல், அடுப்பு, வடக்கு ஆகியவற்றைக் கண்டுபிடியுங்கள்.

2. உள்ளளவு எத்தனை சதுர அடி என்று கணக்கிடுங்கள்.

3. நீங்கள் இடம்பெயர முன் இருந்த வீட்டை நினைவிலிருந்து வரையுங்கள். அதில் இருந்து புதிய படத்தில் இல்லாதவை எவை? அவற்றுள் எதை விடலாம், எதைக் கட்டாயம் கேட்கவேண்டும் என்று பட்டியலிட்டு, அடுத்த கூட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.